கோரைக்காட்டில் புல்

"வாத்தியாரம்மா, பொட்டியை மாத்தறதா வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

சென்னியப்பன் கடை வாசலில் நின்றபடியே கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

வாத்தியாரம்மா என்றதும் நரைத்த தலையைத் தேடாதீர்கள். ஃபரீதாவுக்கு முப்பத்தொரு வயதுதான். திருப்பூர் காங்கயம் ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருப்பவர். சீடருக்குத்தான் ஐம்பத்திரண்டு.

மூன்று வருடத்துக்கு முன்னால் கீபோர்டு ரிப்பேர் என்று அந்தக் கடைக்கு வந்தவர் சென்னியப்பன். கடையில் ஃபரீதா கம்ப்யூட்டரில் சுடுகிற ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். மனுசன் அரை மணி நேரம் வாயைப் பிளந்து பார்த்தார். கீபோர்டை மறந்தே போனார்.

"எனக்கும் இதைக் கத்துக்குடுங்க அம்மிணி" என்று உட்கார்ந்தவர்தான். மவுஸைப் பிடிப்பது முதல் எல்லாம் ஃபரீதா போட்ட பிச்சை.

இன்றைக்கு அந்த ஆட்டத்தில் அவர் பெயர் பருந்து.

சும்மா கிடைத்த பெயரா? நாலு பேர் ஓர் அணி. எதிரே நாலு பேர். கோரைக்காடு என்று ஒரு களம். அதில் எதிராளி எந்த மூலையில் பதுங்கினாலும் சென்னியப்பன் கண்ணுக்குத் தப்ப மாட்டான். "பாறைக்கு எட்டடி முன்னால படுத்திருக்கறான் பாரு தம்பி" என்பார். சொன்ன இடத்தில் சுட்டால் ஆள் காலி.

அவர் பிழைப்பும் கண்ணால்தான். பனியன் கம்பெனியில் துணி செக்கிங். இருபத்தாறு வருசம். அவர் பார்த்து அனுப்பிய துணி ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம் நடையிலேயே தெரியும். வேலையில் பேர் வாங்கின கண் ஆட்டத்திலும் பேர் வாங்கினால் மனுசனுக்குத் தலைகால் புரியுமா?

ஆட்டம் முடிந்ததும் ஃபரீதாவுக்குப் போன் போடுவார்.

"எப்படி நம்ம கண்ணு?"

"ம்" என்பார் ஃபரீதா. அதற்கு மேல் ஒரு சொல் வராது.

வினை பொட்டியால், அதாவது அவர் வீட்டுக் கம்ப்யூட்டரால், வந்தது. பதினோரு வருசத்துப் பொட்டி. சுவிட்சைப் போட்டால் மாவு மில் மாதிரி இரைச்சல். போன ஞாயிறு அரையிறுதி ஆட்டத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி அசைந்தபோது சென்னியப்பன் செத்துக் கிடந்தார். மற்ற மூன்று பேரும் எப்படியோ தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள்.

அணித் தலைவன் ஜெபராஜ் தூத்துக்குடிக்காரன். நேரில் பார்த்ததில்லை. காதில் மாட்டிய ஹெட்போனில் வரும் குரல்தான் பழக்கம். அந்தக் குரல் கறாராகச் சொல்லிவிட்டது.

"அண்ணாச்சி, இன்னும் ரெண்டு வாரத்துல இறுதி ஆட்டம். பொட்டிய மாத்துங்க, இல்லன்னா நான் வேற ஆளு பாக்கேன். தப்பா எடுத்துக்கிடாதிய."

பருந்தை உட்காரச் சொல்வதா! அந்த ஆத்திரத்தில்தான் சென்னியப்பன் வாசலில் நிற்கிறார்.

ஃபரீதா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"மாத்தலாங்ணா. ஆனா மாத்துனா, இப்பத் தெரியறதைவிடக் கம்மியாத்தான் தெரியும். பரவால்லையா?"

"புதுப் பொட்டியில கம்மியாத் தெரியுமா?" சென்னியப்பன் சிரித்தே விட்டார். "நல்லாக் கதை விடறீங்க போங்க!"

ஃபரீதா ஒரு நாற்காலியைக் கை காட்டினார். அதன் எதிரே கடையின் புதுக் கம்ப்யூட்டர் இருந்தது.

*

சென்னியப்பன் உட்கார்ந்தார். தன் பெயரைப் போட்டு உள்ளே போனார். கோரைக்காடு திறந்தது.

"அடேங்கப்பா!"

திரை முழுக்கப் புல். இடுப்பு உயரம், மார்பு உயரம், சில இடத்தில் ஆள் உயரம். எல்லாம் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"வேற களத்தைப் போட்டுட்டீங்களாட்ட இருக்குது?"

"அதே கோரைக்காடுதாங்ணா."

"சும்மா இருங்க அம்மிணி. கோரைக்காடு எனக்குத் தெரியாதா? செம்மண் பொட்டல். நாலு பாறை, ஒரு தண்ணித்தொட்டி, ரெண்டு இடிஞ்ச வீடு. இங்க எதுக்குப் புல்லு?"

பதிலுக்குக் காத்திராமல் சென்னியப்பன் களத்துக்குள் நடந்தார்.

பத்து அடி நடந்திருப்பார். டப்பென்று ஒரு சத்தம். அவுட்.

"எவன் சுட்டான்?"

"புல்லுக்குள்ள இருந்தவன்."

மறுபடி போனார். இந்த முறை ஐந்தே அடி. அவுட். மூன்றாவது தடவை எழுந்து நிற்கவே இல்லை, ஊர்ந்து போனார். அப்படியும் அவுட்.

சென்னியப்பன் மவுஸிலிருந்து கையை எடுத்தார். குரல் இறங்கிவிட்டது.

"அம்மிணி... நெசமாலுமே இந்தக் காட்டுல புல்லு இருக்குதா?"

"கோரைக்காட்டுல வேற என்ன இருக்கும்?"

மூன்று வருடமாக, அந்தக் களத்துக்குப் பேர் வைத்தவனைக் கிறுக்கன் என்று நினைத்திருந்தார் சென்னியப்பன். ஒரு கோரைகூட முளைக்காத பொட்டலுக்குக் கோரைக்காடாம்! கம்பெனி கேன்டீனில் இதைச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார்.

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் புல்லு தெரியும்ணா."

"எனக்கு மட்டும் ஏன் தெரியலை?"

"உங்க பொட்டிக்கு வயசாச்சு. அத்தனை புல்லையும் வரையச் சொன்னா மூச்சு முட்டிச் செத்துரும். அதான் முதல் நாளே நான் புல்லை எடுத்துவிட்டேன். பொட்டியை ஓட வைக்கறதுக்கு."

சென்னியப்பனுக்கு ஒன்றொன்றாக உறைத்தது.

எதிராளிகள் எல்லாம் அடிமுட்டாள்கள் என்றல்லவா நினைத்திருந்தார்? நடுப் பொட்டலில் வந்து குப்புறப் படுத்துக்கொண்டு, ஒளிந்துவிட்டதாக நினைக்கிறானே, இவனெல்லாம் எதற்கு ஆட வந்தான் என்று எத்தனை பேரை ஏசியிருப்பார்! பாவம், அவனவன் ஆள் உயரப் புல்லுக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறான்.

"அப்ப இத்தனை நாளும் என் கண்ணு..."

ஃபரீதா ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பாதியில் விட்ட வேலையைத் தொடர்ந்தார்.

சென்னியப்பனுக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம்.

"தெரிஞ்சு வச்சுக்கிட்டு மூணு வருசமா வாயைத் தொறக்காம இருந்தீங்களே, இது நாயமுங்களா?"

"'எனக்கு மட்டும் எப்படித் தெரியுது'ன்னு நீங்க ஒரு நாளும் கேக்கலீங்களேண்ணா. 'எப்படி நம்ம கண்ணு'ன்னுதானே கேட்டீங்க."

சென்னியப்பன் திரையில் ஆடும் புல்லை ஒரு முறை பார்த்தார்.

"இது கள்ளாட்டமுங்களா?"

"இல்லீங்க. விதியில இடம் இருக்கு. பழைய பொட்டிக்காரங்களும் ஆடட்டும்னு விட்டு வச்சிருக்காங்க." ஃபரீதா நிமிர்ந்து பார்த்தார். "புதுப் பொட்டி வாங்குனாலும் புல்லை எடுத்துவிடலாம். ஒரே ஒரு சொடுக்கு. படமும் நிக்காது, புல்லும் இருக்காது. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"அப்ப மாத்திப்போடலாம்கறீங்களா?"

"பொட்டியை எப்ப வேணா மாத்திக்கலாம். புல்லு இருக்கணுமா வேண்டாமான்னு சொல்லுங்க."

சென்னியப்பன் செருப்பைத் தேடினார். அது காலிலேயே இருந்தது.

*

வீட்டில் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

"என்னாச்சு? பொட்டி ஒரேயடியாப் போயிருச்சா?" என்று கேட்டார் மனைவி தங்கமணி. அந்தக் குரலில் கொஞ்சம் ஆசையும் இருந்தது.

"பொட்டி நல்லாத்தான் இருக்குது." சென்னியப்பன் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். "தங்கமணி, துணியை எடுத்துப்போட்டு, அதுல இருக்கற ஓட்டையை மட்டும் டேபிள் மேல வச்சா, அதைக் கண்டுபுடிக்கறவனுக்குக் கம்பெனியில சம்பளம் குடுப்பாங்களா?"

"துணி இல்லாம ஓட்டை எப்படிங்க இருக்கும்? ஆறிப்போகுது, சாப்பிடுங்க."

மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசர் அவர் பார்த்த துணியைப் புரட்டிவிட்டு, "உங்க கண்ணு கண்ணுதாங்க" என்றார். தினமும் கேட்கிற பேச்சுத்தான். அன்றைக்கு அது நெஞ்சில் குத்தியது.

மத்தியானம் ஜெபராஜுக்குப் போன் போட்டார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

அந்தப் பக்கம் கெக்கலி கொட்டுகிற சிரிப்பு.

"எங்கய்யா! அதானா சங்கதி! அண்ணாச்சி, அப்படியே இருக்கட்டும். புதுப் பொட்டி, புல்லு கெடையாது. கோப்பை நமக்குத்தான்!"

"நான் புல்லோட ஆடலாம்னு பாக்கறேன் தம்பி."

சிரிப்பு நின்றது.

"என்னத்துக்கு?"

"எனக்குக் கண்ணு இருக்குதா இல்லியான்னு தெரிஞ்சாகணும்."

"ஒங்க கண்ண சோதிச்சிப் பாக்க எங்க கோப்பைதான் கெடச்சுதாக்கும்?"

அவன் கேட்டதிலும் தப்பில்லை.

"ஒரு வாரம் குடு. அதுக்குள்ள புல்லுக்குள்ள இருக்கறவனை ஒருத்தனையாவது பாத்துடறேன். பாக்க முடியலைன்னா நானே வெலகிக்கறேன். பருந்துங்கற பேரையும் அழிச்சுடறேன்."

*

தினமும் வேலை விட்டதும் நேராகக் கடைக்கு வந்தார். புதுக் கம்ப்யூட்டரில், புல்லோடு, பழகுகிற ஆட்டம்.

முதல் நாள் பதினேழு தடவை செத்தார். இரண்டாம் நாள் எண்ணுவதை விட்டுவிட்டார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், திரைக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். புல், புல், புல். அதற்குள்ளிருந்து எவனோ சுட்டுக்கொண்டே இருந்தான்.

ஃபரீதா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் சென்னியப்பன் ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"முடியலீங்க. தேடித்தேடிக் கண்ணே அவிஞ்சு போச்சு. ஒருத்தனும் ஆப்படலை. நாளைக்கு அந்தத் தம்பிகிட்டச் சொல்லிப்போடறேன்."

ஐம்பத்திரண்டு வயதில் ஓர் ஆட்டத்துக்காக அழுவதா என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஃபரீதா அப்போது ஒரு பிரிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையில் பனியன் வேஸ்ட். இந்த ஊரில் கடைக்குக் கடை தூசி துடைக்க, கம்பெனியில் கழித்துப் போட்ட அந்தத் துணிதான். அதைச் சுருட்டிச் சென்னியப்பன் மடியில் எறிந்தார்.

"அதுல என்ன குறைங்ணா?"

சென்னியப்பன் பார்த்த பார்வையில் சொன்னார். "ஊசிக்கோடு. மெஷின்ல ஒரு ஊசி கெட்டுச்சுன்னா துணி நெடுகக் கோடு விழும்."

"எனக்கு ஒரு கோடும் தெரியலியே."

"இதா இருக்குது பாருங்க."

"எங்கீங்ணா?" என்று ஃபரீதா துணியை வாங்கிப் பார்த்தார்.

"வெளிச்சத்துல புடிங்க அம்மிணி. இப்பப் பாருங்க, துணி பூரா ஒரே போக்கா ஓடுதுங்களா? இந்த ஒரு வரிசை மட்டும் அதோட ஓடலை."

"எப்படித் தேடிக் கண்டுபுடிச்சீங்க?"

"கோட்டைப் போயி யாருங்க தேடுவாங்க? தேடுனா எதுவும் ஆப்படாது. நான் துணியைத்தான் பாப்பேன். துணி போற போக்கைப் பாத்துட்டே இருந்தா, போகாத எடம் தானா..."

பேச்சு பாதியில் நின்றது.

ஃபரீதா பிரிண்டரைத் திறந்து உள்ளே குனிந்துவிட்டார்.

சென்னியப்பன் ஹெட்போனை மாட்டினார். கோரைக்காட்டுக்குள் போய் ஒரு பாறையோரம் உட்கார்ந்தார். ஆளைத் தேடவில்லை. புல்லைப் பார்த்தார்.

மேற்கிலிருந்து காற்று. புல்லெல்லாம் கிழக்கே சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். ஓர் இடத்தில், ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில், சாய்ந்த புல் நிமிரக் கொஞ்சம் தாமதித்தது.

சுட்டார்.

"பாத்துட்டேன்! வாத்தியாரம்மா, பாத்துட்டேன்! படுபாவி அங்கதான் கெடந்தான்!"

எழுந்து நின்று கத்தியதில், ரிப்பேருக்குக் கொடுத்த பிரிண்டரை வாங்க வந்திருந்தவர் இரண்டடி பின்னால் போனார்.

"உக்காருங்ணா" என்றார் ஃபரீதா. "இன்னும் மூணு பேரு இருக்காங்க."

*

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இறுதி ஆட்டம். மூன்று சுற்று. சென்னியப்பன் துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையில் கடைக்கு வந்திருந்தார். ஆட்டத்தில் சட்டை யாருக்கும் தெரியாது. ஆனாலும் போட்டுக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, கடைசியாக் கேக்கேன்" என்றது ஜெபராஜின் குரல். "புல்ல எடுத்துருவமா?"

"வேண்டாந் தம்பி."

"சரி. ஒங்க இஷ்டம்."

அந்தக் குரலில் வெல்லமும் இல்லை, வேம்பும் இல்லை.

முதல் சுற்றில் ஒருவனையும் பார்க்கவில்லை. போன வேகத்தில் செத்தார். அணி தோற்றது.

இரண்டாம் சுற்றில் தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் ஒருவன், இடிந்த வீட்டு வாசலில் ஒருவன். இரண்டு பேரையும் சென்னியப்பன் சொன்னார், ஜெபராஜ் சுட்டான். அணி ஜெயித்தது.

மூன்றாம் சுற்று இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் இந்தப் பக்கம் சென்னியப்பன் மட்டும் மிச்சம். அந்தப் பக்கமும் ஒருவன். புல்லைப் பார்த்தார். ஒரே போக்கு. எங்கே பார்த்தாலும் ஒரே போக்கு. அவன் காற்றோடு காற்றாகச் சேர்ந்து நகர்ந்துகொண்டிருக்கிறான் என்று புரிந்தபோது டப்பென்று சத்தம் கேட்டது.

கோப்பை போய்விட்டது.

ஹெட்போனில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. சென்னியப்பன் மவுஸைப் பிடித்த கையை எடுக்கவில்லை. இன்னும் ஒரு நிமிடத்தில் அணியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், அது வரைக்குமாவது பிடித்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

"அண்ணாச்சி."

"சொல்லு தம்பி."

"அந்தத் தண்ணித்தொட்டிப் பக்கம் கெடந்தவன எப்படிப் பாத்திய?"

"ஏன் கேக்கறே?"

"நானும் அதே எடத்தத்தான் பாத்துட்டு நின்னேன். நல்லாக் கண்ணத் தொறந்து பாத்தேன். சத்தியமா வெறும் புல்லுதான் தெரிஞ்சுது."

சென்னியப்பனுக்கு நெஞ்சு விம்மியது. மூன்று வருடம் ஜெயித்தபோதெல்லாம் இப்படி ஒரு நாள் விம்மியிருக்குமா? தோற்ற மனுசன் மாதிரியா உட்கார்ந்திருந்தார்! கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எப்படின்னு எங்களுக்கும் சொல்லிக்குடுப்பியளா அண்ணாச்சி?" என்றது குரல்.

"அதுக்கு நீ மொதல்ல ஒரு பழைய பனியன் எடுத்துக்கிட்டு வா" என்றார் சென்னியப்பன்.

*

அடுத்த வாரம் ஃபரீதா புதுப் பொட்டியை வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டினார்.

தங்கமணி டீ கொடுத்தார். "இதுவாச்சும் சத்தம் போடாம இருக்குமா அம்மிணி?"

"போடாதுங்க்கா."

சுவிட்சைப் போட்டார்கள். சத்தமே இல்லை. தங்கமணி நம்பாமல் பொட்டி மேல் கையை வைத்துப் பார்த்தார்.

ஃபரீதா ஆட்டத்தைத் திறந்து, படத்தின் அளவுகளை மாற்றுகிற பக்கத்துக்குப் போனார். மவுஸ் புல் என்ற இடத்தில் நின்றது.

"இருக்கட்டுமா, எடுத்துடட்டுமாங்ணா?"

சென்னியப்பன் எட்டிப் பார்த்தார்.

"கடையில ஆடுனமே, அது எந்த அளவுங்க?"

"நடுவாந்தரம். எல்லாரும் அதுலதான் ஆடறாங்க."

"அதுக்கு மேலயும் இருக்குதா?"

"இருக்கு. ரொம்ப அடர்த்தி. ஒருத்தரும் வைக்க மாட்டாங்க."

சென்னியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதை வைங்க."